மொனிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த மகனுக்கு

மகனே, அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை என்பதால் சொல்லிவிட்டேன். இதற்குப் பிறகு வருகிறவற்றில் மரியாதையை எதிர்பார்க்காதே. கொழும்பில் ஒபிஸ் கூட்டத்தை முடித்துக்கொண்டு நாளைக் காலை பஸ்ஸில் வந்து இறங்குவாய். அறைக் கதவைத் திறந்து, மேசையில் உன் பெரிய மொனிட்டர் இல்லையென்று கண்டதும் "உம்மா!" என்று கத்துவாய். கத்தாதே. கள்ளன் வரவில்லை. அது இருந்த இடத்தில் இந்தக் கடிதம் இருக்கிறது, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசி. நான் இதை ஒட்டி மூடவில்லை. உன் வாப்பா வாசித்துவிட்டார், தங்கச்சி நுஸ்ரா வாசித்துவிட்டாள், பக்கத்து வீட்டார் கேட்டாலும் கொடுப்பேன். மருதமுனையில் மனைவி வீட்டு வாசலில் நீ அந்தத் திரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறியதை ஊரே பார்த்தது. நான் எழுதுவதையும் ஊர் பார்க்கட்டும்.

நீ இங்கே வந்திறங்கிய பின்நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். இந்தச் சாய்ந்தமருதில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை நிறுத்துப் பார்த்த மருத்துவிச்சி மிஸ்ஸி நான். பிறந்த பிள்ளையை முதல்முறை கையில் வாங்கும் தகப்பன்மாரை எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். நீ அந்த மொனிட்டரைத் தூக்கியிருந்த பக்குவத்தில் அவர்களில் பாதிப் பேர் பிள்ளையைத் தூக்கியதில்லை. "என்ன மனே, மருமகள் எங்க?" என்று கேட்டேன். "அவ அங்க இரிக்கா. இது என்ட சாமான், நான் கொண்டு வந்திட்டன்" என்றாய். கலியாணம் முடித்துக் கொடுத்த மகன் மனைவியை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பலகையோடு வாசலில் நிற்கிறான். உன் வாப்பாவோ, "உடு, புள்ள களச்சுப் போய் வந்திரிக்கான்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போனார். களைப்பாம். மொனிட்டரைத் தூக்கின களைப்பு.

நடந்ததை நீயே சொன்னாய். பொரித்த மீனுக்கு முன்னால் இருந்து, நியாயம் முழுவதும் உன் பக்கம் என்ற நினைப்பில் சொன்னாய். ஆகவே நான் கூட்டிக் குறைத்து எழுத ஒன்றுமில்லை. உனக்கு இரண்டு லெப்டொப். ஒன்று கொழும்பு ஒபிஸ் தந்தது, மற்றது வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்யும் வேலைக்கு. மருமகள் சிபானாவுக்கு ஒன்று, அவள் அதில் வீட்டுப் பிளான் கீறுகிறாள். மூன்றையும் ஒரே திரையில் பார்க்கலாம் என்று அந்தப் பெரிய மொனிட்டரை வாங்கினாய். அதன் முதுகில் வயர் குத்த மூன்று இடம். இரண்டு இடத்தில் குத்தினால் திரை தன் முழு நுணுக்கத்தோடும் தெரியும், அந்த இரண்டும் உன் இரண்டுக்கும் போயின. மூன்றாவது பழைய வகை. அதிலே, ஹோலில் கிடந்த பழைய டிவியின் வயரைக் கழற்றிக் குத்தி, மறு நுனியை மருமகளிடம் நீட்டினாய். அதோடும் நிற்கவில்லை. அவள் கீறிக்கொண்டிருக்கும்போது நீ உன் லெப்டொப்பைத் திறந்தால் போதும், திரை அவளை விட்டுவிட்டு உன்னிடம் ஓடிவந்துவிடும். அவள் கீறிக்கொண்டிருந்த வீடு பாதிக் கோட்டில் மறைந்துபோகும். "அது ஓட்டோமெட்டிக் உம்மா, நான் என்ன செய்ய?" என்றாய். அடுத்தவன் செய்த வேலையில் பிழை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன் நீ. உன் அறையில் இருந்த ஓட்டோமெட்டிக்கை நிறுத்தும் வழியை மட்டும் உன்னால் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று.

பிறகு அந்தப் பிளான் விஷயம். நற்பிட்டிமுனையில் ஒருவருக்கு அவள் கீறிக் கொடுத்த வீட்டில், வளவு எல்லைக் கோடும் சுவர்க் கோடும் ஒட்டி ஒட்டி வருகிற மூலையில், அளவு பிழைத்துவிட்டது. மேசன் கயிறு கட்டிப் பார்த்தபோது சமைக்கிற குசினி ஒரு முழம் குறைகிறது. நல்ல காலம், அத்திவாரம் வெட்டவில்லை. வீட்டுக்காரர் கோபத்தோடு வந்து, சிபானாவின் வாப்பாவுக்கு முன்னால் ஹோலில் இருந்து கதைத்தார். அந்த இடத்தில் ஒரு புருஷன் என்ன செய்ய வேண்டும்? "இரிங்க, பார்த்துத் திருத்தித் தாறம்" என்று ஒரு வார்த்தை, ஒரு கோப்பை தேத்தண்ணி. இவ்வளவுதான். நீ என்ன சொன்னாய்? "நான் அப்பவே சொன்னன், இவவுக்கு இது சரிவராது எண்டு." வந்த ஆளுக்கு முன்னால், பெற்ற தகப்பனுக்கு முன்னால். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னதாகவும் எங்களுக்குச் சொல்லிக் காட்டினாய். அவள் எழுந்து உள்ளே போய்த் தன் வயரைப் பிடுங்கினாள். "இனி என்ட மொனிட்டர்ல கை வைக்காத" என்றாய். பிறகு அதை யாரும் தொட முடியாதபடி தூக்கிக்கொண்டே வந்துவிட்டாய். பாலர் வகுப்பில் சண்டை பிடித்த பிள்ளைகள் பென்சிலைத் தூக்கிக்கொண்டு வேறு வாங்குக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு அடுத்த நாள் மறந்துவிடும். உனக்கு அந்த நல்ல குணமும் இல்லை.

"என்ட சாமான்" என்றாயே, அதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். மொனிட்டர் உன்னுடையது. அது நின்ற மேசை? அந்த மேசையில் வெளிச்சம் விழும் யன்னல்? யன்னல் இருக்கும் சுவர்? அந்த வீட்டைச் சிபானாவின் வாப்பா தன் மகளுக்கென்று கட்டி, நல்ல காற்று வரும் அறையை உனக்கு விட்டுவிட்டு, தான் பின்பக்கத்து அறைக்குப் போனவர். எங்கள் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போகிறவன். போன இடத்தில் அவன் மாப்பிள்ளை, அவனுக்கு எதிராக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தொண்டை செருமினால் மாமி ஓடி வருவார், கறியில் உப்பு இல்லையென்றால் அதையும் அடுத்த நாள்தான் மெதுவாகச் சொல்லுவார்கள். அவர்கள் தங்கள் மகளுக்காகச் செய்கிற இந்த மரியாதையை உன் தகுதிக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துவிட்டாய். இந்த நோய் உனக்கு மட்டும் இல்லை. ஊர் முழுக்க வீடுகளுக்குள் போய் வந்தவள் நான். தாய் வீட்டில் தன் கோப்பையைத் தானே கழுவியவன், மாப்பிள்ளையாகப் போன இடத்தில் தண்ணீர் குடிக்கவும் ஆள் கூப்பிடுவதைக் கண்டிருக்கிறேன். என் வளர்ப்புப் பிழை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். உன்னையும் நுஸ்ராவையும் ஒரே மாதிரித்தான் வளர்த்தேன். நீ கெட்டது மாப்பிள்ளைச் சோற்றில்.

உன் வாப்பாவைப் பற்றி நல்லதாக நான் சொல்லக்கூடியவை குறைவு. அவருக்கு ஒரு சாமான் வாங்கத் தெரியாது, ஒரு கதையை முழுதாகச் சொல்லத் தெரியாது, யார் என்ன கேட்டாலும் "உடு" என்பார். ஆனால் ஒன்று கேள். அவர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது இங்கே இருந்தது ஒரேயொரு மேசை ஃபான். என் உம்மா அதை மாப்பிள்ளை பக்கம் திருப்பி, அசையாமல் நிறுத்தி வைத்திருந்தார். சோறு தின்னும்போது அவருடைய சட்டை படபடவென்று பறக்கும், நாங்கள் எல்லோரும் வியர்த்துக்கொண்டு இருப்போம், யாரும் ஒரு வார்த்தை கதைக்க மாட்டோம். வந்த புதிதிலேயே ஒரு பகல், அவர் சோற்றிலிருந்து கையை எடுக்காமல், இடது கையை நீட்டி ஃபானின் பின்னால் இருந்த குமிழை அழுத்திவிட்டார். அது திரும்பத் தொடங்கியது. என்னிடம் வந்தது, உம்மாவிடம் போனது, தம்பியிடம் போனது, பிறகு அவரிடம் திரும்பியது. "என்ன மருமகன், காத்துக் காணாதா?" என்று உம்மா பதறினார். "காணும் மாமி" என்று சொல்லிவிட்டு அவர் தின்றுகொண்டே இருந்தார். அந்த மனிதரோடு இத்தனை காலம் நான் குடும்பம் நடத்துவதற்கு என்ன காரணம் என்று நீ எப்போதாவது யோசித்திருந்தால், காரணம் அந்தக் குமிழ்தான். அவர் படித்தது உன்னில் பாதி. உன் மொனிட்டரிலும் ஒரு குமிழ் இருக்கிறது.

இதுவரைக்கும் உனக்குத் தெரியாமல் நடந்த பிழை என்றுதான் நினைத்திருந்தேன். முட்டாள்தனத்தைத் தாய் மன்னிக்கலாம். ஆனால் நீ கொழும்புக்குப் புறப்பட்ட அன்று, நுஸ்ரா தன் படிப்புக்காக லெப்டொப்பைக் கொண்டுவந்து, உன் பெரிய திரையில் கொஞ்சம் பார்க்கட்டுமா என்று கேட்டாளே. தொங்கிக்கொண்டிருந்த அந்தப் பழைய வயரை அவள் எடுத்தாள். நான் தேத்தண்ணியோடு வாசலில் நின்றேன். நீ அவளுடைய கையைத் தட்டிவிட்டு, "அதுல குத்தாத நுஸ்ரா, அதுல நாலுல ஒரு பங்கு புள்ளிதான் வரும், எழுத்தெல்லாம் மங்கல், கண் கெட்டுப் போகும். இந்தா, இதுல குத்து" என்று உன் நல்ல வயரைக் கழற்றிக் கொடுத்தாய். நுஸ்ரா உன்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப மதினிக்கு?" என்று கேட்டாள். நீ திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "அவ ஒண்டும் செல்லல்லயே."

என் கையில் இருந்த தேத்தண்ணி ஆறிப்போனது. உனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். நாலில் ஒரு பங்கு! பிள்ளை இல்லாத மனைவிக்குப் புருஷன் மௌத்தானால் அவன் விட்டுப்போனதில் நாலில் ஒரு பங்கு என்பது மார்க்கம். நீ உயிரோடு, மூன்று வேளையும் தின்றுகொண்டு இருக்கும்போதே அவளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறாய். அதைவிட இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சிபானாவுக்குத் தலையிடி, கண் எரிவு என்று சொல்லி, அவளைக் கல்முனையில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவன் நீ. வரும் வழியில் இங்கே இறங்கி, "மருமகளுக்குக் கண்ணாடி போட்டாச்சு, எப்படி இரிக்கி?" என்று காட்டினாய். அந்தப் பிள்ளையும் வெட்கத்தோடு சிரித்தது. நானும் மாஷா அல்லாஹ் என்றேன். மங்கலான வயரை அவள் கையில் கொடுத்தவனே அவளுடைய கண்ணுக்குக் கண்ணாடியும் வாங்கிப் போட்டிருக்கிறான். ஊரெல்லாம் கெட்டிக்காரன் என்று சொல்லும் என் மகன்.

நீ பொல்லாதவன் என்று நான் சொல்லவில்லை. பொல்லாதவன் என்றால் இருந்து யோசித்துச் செய்திருப்பான், அதற்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டும். நீ யோசிக்கவே இல்லை. நல்லது இரண்டும் உனக்கு, மிஞ்சியது அவளுக்கு என்பது உன் கைக்கு அவ்வளவு சுலபமாக வந்திருக்கிறது. அவள் ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லுவாளா? மாப்பிள்ளைக்கு முன்னால் வாய் திறக்காதே என்று சொல்லித்தானே எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளை வளர்க்கிறோம். அன்று நுஸ்ரா உன் நல்ல வயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு குசினி மேசைக்குப் போனாள். அவளுக்கு நிக்காஹ் நெருங்குகிறது. வருகிறவன் இந்த அறைக்குத்தான் வரப்போகிறான், நீ இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த அறைக்கு. அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை வெளியில் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை, ஆனால் பயந்தேன். அவளுக்கு வருகிறவனும் உன்னைப் போலத்தான் இருப்பானோ என்று பயந்தேன். இந்த அற்ப விஷயம் பெருத்து, தலாக் என்று காதியாருக்கு முன்னால் போய் நிற்குமோ என்றும் பயந்தேன். அவர் காரணம் கேட்டால் என்ன சொல்லுவாய்? வயர் என்றா?

அதனால்தான் நேற்று உன் மொனிட்டரை மருதமுனைக்குக் கொண்டு போனேன். பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி, உன் வாப்பாவின் மடியில் வைத்து, ஓட்டோவில். ஓட்டோக்காரர் கல்முனை தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு, "என்ன மிஸ்ஸி, டிவி பழுதா?" என்று கேட்டார். "டிவி நல்லம் தம்பி, வச்சிருந்த ஆள்தான் பழுது" என்றேன். உன் வாப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் வாசல் படலையில் இறங்கியதும் சிபானாவின் உம்மா ஓடி வந்தார். விரிப்பில் சுற்றிய சாமானையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அல்லாவே! சாமான் திரும்பி வந்திட்டு, என்ட புள்ளர வாழ்க்க போயிட்டு!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். முன்வீட்டு வேலிக்கு மேலால் தலைகள் எழும்பின. அப்போதுதான் எனக்கே உறைத்தது. மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் ஓட்டோவில் சாமான் கொண்டு வந்து பெண் வீட்டில் இறக்கினால் எங்கள் ஊர்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை தன் சாமானைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டினாலும் அதே அர்த்தம்தான். நீ உன் பொருளை எடுத்து வந்ததாக நினைத்துக்கொண்டு இங்கே மீன் தின்றாய். அங்கே அன்று முதல் ஒரு வீடு இழவு வீடாக இருந்திருக்கிறது. சிபானாவின் வாப்பா வழக்கமான பள்ளியை விட்டுவிட்டுத் தூரத்துப் பள்ளிக்குத் தொழப் போகிறாராம், ஆட்களின் முகத்தைப் பார்க்க ஏலாமல். அந்த மனிதர் உனக்கு என்ன கெடுதி செய்தார், தன் அறையைத் தந்ததைத் தவிர?

நான் வேலியில் நின்ற தலைகளுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னேன்: "எழும்புங்க சம்மந்தி. சாமான் திரும்பி வரல்ல. இது இருந்த ஊட்டுக்கு வந்திரிக்கி." அவரைக் கைபிடித்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். சிபானா அறை வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். மூக்கில் அந்தக் கண்ணாடி. "மாமி, எனக்கு அது வேணாம்" என்றாள். "வேணுமா வேணாமா எண்டு பொறகு பார்ப்பம் மகள், இப்ப மேசையில வைக்க இடம் உடுங்க" என்றேன். உன் வாப்பா மொனிட்டரை வைத்தார். நீ நுஸ்ராவுக்குக் காட்டிய அதே இடத்தில், அதே நல்ல வயரை நான் குத்தினேன். மறு நுனியை அவளிடம் கொடுத்தேன்.

அவள் தன் லெப்டொப்பைத் திறந்து, அந்த நற்பிட்டிமுனை வீட்டைத் திரையில் எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தாள், போட்டாள், மறுபடி கழற்றினாள். பிறகு விரலைத் திரையில் வைத்து, அந்த மூலையைத் தொட்டு, "மாமி, இது ரெண்டு கோடு" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. "இத்தன நாளும் எனக்கு இது ஒரு கோடாத்தான் தெரிஞ்ச. நான்தான் பிழையா அளந்திட்டன் எண்டு நினைச்சன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், அணைத்துப் பிடித்திருப்பேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அவருக்குத் தெரியுமா மாமி?" என்று கேட்டாள். உனக்காக நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ஓம் மகள், தெரியும்" என்றேன். மகனே, உன்னைப் பெற்றதற்காக நான் வெட்கப்பட்டது அந்த இடத்தில்தான்.

அவள் அந்த மூலையைத் திருத்தும்வரை நாங்கள் காத்திருந்தோம். உன் வாப்பா தேத்தண்ணி குடித்தார். புறப்படும்போது, "மகன் வந்தா என்ன செல்ல?" என்று கேட்டேன். மேசைக்குக் கீழே சுருட்டிக் கிடந்த வயர்களை எடுத்துப் பிரித்தாள். அந்தப் பழைய டிவி வயரைத் தேடி எடுத்தாள், அதையும் நான்தான் கொண்டு போயிருந்தேன். மொனிட்டரின் முதுகில் மூன்றாவது இடத்தில் அதைக் குத்தி, நுனியை மேசையின் மறுபக்கத்தில், நீ வழக்கமாக உட்காரும் கதிரைக்கு நேராக வைத்தாள். "அவர்ர இடம் இரிக்கி எண்டு செல்லுங்க மாமி" என்றாள். "இன்னொரு நல்ல இடம் சும்மா இரிக்கே மகள்?" என்றேன். "அது சும்மா இரிக்கட்டும்" என்றாள். அவளுக்கு வாய் இல்லை என்று நினைத்திருந்தோமே, நீயும் நானும்.

இவ்வளவுதான் செய்தி. இந்த வீடு நுஸ்ராவுக்குரியது. நாளைக்கு இந்த அறைக்குப் பெயின்ட் அடிக்க ஆட்கள் வருகிறார்கள், அதனால் உன் உடுப்பையெல்லாம் மடித்து பேக்கில் போட்டு வாசலில் வைத்திருக்கிறேன். அதே ஓட்டோக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், வந்து ஏற்றிக்கொண்டு போவார். அவருக்கு விஷயம் தெரியும், வழியில் பெருமை கதைக்காதே. போனதும் முதலில் உன் மாமனாரைக் கண்டு ஸலாம் சொல்லி, அவரோடு அவர்களுடைய பழைய பள்ளிக்கே தொழப் போ, முன் வரிசையில் நில்லு. பிறகு அறைக்குப் போய் உன் கதிரையில் உட்கார்ந்து, அவள் எடுத்து வைத்திருக்கும் வயரைக் குத்தி வேலையைப் பார். எழுத்து மங்கலாகத்தான் இருக்கும். அவள் தன் லெப்டொப்பைத் திறந்தால் உன் வேலை பாதியில் மறைந்துபோகும், அதற்காக முகத்தைத் தூக்காதே, அது ஓட்டோமெட்டிக். நல்ல வயரை அவளாக எடுத்துத் தரும்வரை கேட்காதே. தலையிடித்தால், கண் எரிந்தால் மட்டும் சொல்லு. கல்முனையில் கண்ணாடிக் கடைக்கு அவள் உன்னைக் கூட்டிக்கொண்டு போவாள்.

உம்மா